பசியின் இருப்பிடம் தேடிய பவ்லோவ்

வயிறு நிறைந்த பின்னரும் உண்பவனை உலகம் பெருந்தீனிக்காரன் என்று எள்ளுகின்றது. உணவு முன்னே இருக்கவும் உண்ண மறுப்பவளைப் பிடிவாதக்காரி என்று கடிகின்றது. இருவரைப் பற்றியும் நாம் வழங்கும் தீர்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவனுக்கு மனவுறுதி இல்லை. மற்றவளுக்கு அது தகாத வழியிற் சென்றுவிட்டது என்கின்றோம். இத்தீர்ப்பு நீதியானதா? பசி வயிற்றிலே பிறக்கின்றதா, மனத்திலே பிறக்கின்றதா? உண்ணவேண்டும் என்னும் வேட்கை நம்முடைய ஆணைக்கு அடங்கியதா, அன்றி நம்மை ஆணையிட்டு நடத்துவதா?

இவ்வினாக்களை வெறும் வாதத்தால் அன்றிப் பரிசோதனையால் ஆராயப் புகுந்த முன்னோடிகளுள் ஒருவர் உருசிய நாட்டு இவான் பெத்ரோவிச் பவ்லோவ். நாயும் மணியும் என்ற அளவில் அவர் பெயரைக் கேளாத மாணவர் சிலரே. ஆயின் அம்மனிதர் யார், எவ்வாறு வாழ்ந்தார், நாயின் எச்சிலை ஏன் துளி துளியாக எண்ணினார் என்பவற்றை அறிந்தோர் மிகச் சிலர். நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வருபவன். இருந்தும் இவருடைய சரித்திரத்தை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை உரிய இடத்திற் சொல்வேன்.

பிறப்பும் இளமையும்

மொஸ்கோ நகருக்குத் தென்கிழக்கே, ஓக்கா ஆற்றைச் சார்ந்து, ரியாசான் என்னும் பழைய நகரம் உள்ளது. அங்கே 1849 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 26 ஆந் திகதி பவ்லோவ் பிறந்தார். தந்தையார் பியோத்தர் திமித்திரியேவிச், உருசிய வைதிகத் திருச்சபையைச் சேர்ந்த குருவானவர். அத்திருச்சபையிற் குருமார் இல்லறம் நடத்துதல் மரபாகும். பெருங் குடும்பம்; சிறு வருவாய். தந்தையார் நூல்களிற் பெருவிருப்பினர்; எந்த நூலையும் இருமுறை படித்தல் வேண்டும் என்று மகனைப் பழக்கியவர். ஓய்வு வேளைகளிற் பழத்தோட்டத்தில் மண்வெட்டியோடு நிற்பவர். நூலிலும் மண்ணிலும் ஒருங்கே பற்றுக்கொள்ளும் இவ்வியல்பு மகனுக்கும் வாய்த்தது. முதுமையில் அவர் உயிரைக் காத்ததும் அதுவேயாம்.

சிறுவனாயிருந்தபோது பவ்லோவ் உயர்ந்த மதிலொன்றிலிருந்து கீழே விழுந்தார். உடம்பு மிக நலிந்தது. பதினொரு வயது வரை பள்ளிக்கூடம் செல்ல இயலவில்லை. அவருடைய ஞானத்தந்தையாகிய மடத்துத் தலைவர் ஒருவர் அவரைத் தம்முடன் வைத்திருந்து, உடற்பயிற்சியும் தோட்டவேலையும் வாசிப்பும் பழக்கித் தேற்றினார். பின்னர் ரியாசானில் உள்ள குருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். தந்தையின் வழியிலே குருவாக வேண்டியவர்.

அவ்வழியிலிருந்து அவரைத் திருப்பியது ஒரு நூல். இவான் செச்சினோவ் என்னும் உடற்றொழிலியலறிஞர் 1863 ஆம் ஆண்டில் மூளையின் தெறிவினைகள் என்னும் பொருள்பற்றி எழுதிய நூல் அது. கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுகின்றது. நாம் நினைத்து மூடுவதில்லை. இத்தகைய செயலைத் தெறிவினை என்பர். மனத்தின் செயல்களையும் இந்நெறி பற்றியே விளக்கலாம் என்று செச்சினோவ் துணிந்து எழுதினார். அக்கருத்து இளைஞர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1870 ஆம் ஆண்டில் குருத்துவப் படிப்பை முடிக்காமலே விட்டுச் சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் புகுந்தார்.

வறுமையும் கல்வியும்

பல்கலைக்கழகத்தில் இலியா சியோன் என்னும் ஆசிரியரிடம் அறுவை நுட்பம் பயின்றார். பவ்லோவ் இடக்கைப் பழக்கம் உள்ளவர். இரு கையாலும் கத்தி பிடிக்க வல்லவர். அவருடைய அறுவை விரைவாகவும் ஒழுங்காகவும் நிகழ்வது கண்டு பலர் வியந்தனர். மாணவராயிருக்கும்போதே சதையியின் நரம்புகளைப் பற்றி ஆராய்ந்து பொற்பதக்கம் பெற்றார். பின்பு மருத்துவமும் கற்று, 1883 ஆம் ஆண்டில் இதயத்தின் நரம்புகள் பற்றிய ஆய்வுக்குப் பட்டம் பெற்றார்.

1881 ஆம் ஆண்டில் செராபிமா கர்ச்செவ்ஸ்கயா என்னும் ஆசிரியப் பயிற்சி பெற்ற பெண்மணியை மணந்தார். அக்காலத்து அவர்கள் வறுமை சொல்லுந் தரத்ததன்று. வாடகை கொடுக்க இயலாமல் இருவரும் சிலகாலம் வெவ்வேறிடத்தில் வாழ நேர்ந்தது. முதற் குழந்தை இறந்தது. அவர் துன்பநிலை அறிந்த மாணவர்கள் விரிவுரைக்கு ஊதியம் என்ற பெயராற் பணம் சேர்த்துக் கொடுக்க, அதனையும் அவர் ஆய்வுக்கு வேண்டிய நாய்களை வாங்கவே செலவிட்டார் என்று சொல்வர். இதனைக் கேட்டு வியப்பதா, அவ்வில்லத்தலைவியின் நிலைக்கு இரங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. மதுவும் சூதாட்டமும் தவிர்க்கவேண்டும், வார இறுதியிலன்றி விருந்தாடல் கூடாது என்று அம்மையார் விதித்த நெறியை மாத்திரம் அவர் இறுதிவரை காத்தார்.

1884 முதல் 1886 வரை ஜேர்மன் தேசத்திற் பிரெசுலவு நகரில் ஹைடன்ஹைனிடமும், லைப்சிக் நகரிற் கார்ல் லுட்விக்கிடமும் பயின்றார். ஹைடன்ஹைன் நாயின் இரைப்பையில் ஒரு பகுதியைப் பிரித்துச் சிறு பையாக அமைத்து, அதிற் சுரக்கும் சாற்றை வெளியே எடுக்கும் வழி கண்டவர். ஆயின் அவ்வறுவையில் மூளையிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் நரம்பு அறுபட்டுவிடும். நரம்பு அறுபடாமற் பையைப் பிரிக்க இயலுமா என்பதே பவ்லோவின் உள்ளத்திற் கிடந்த வினா. பல நாய்கள் இறந்தபின், 1894 ஆம் ஆண்டளவில் அதில் அவர் வெற்றி கண்டார். அந்தப் பைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது.

தொண்டைக்குக் கீழே இறங்காத உணவு

1890 ஆம் ஆண்டில் இராணுவ மருத்துவக் கழகத்திற் பேராசிரியரானார். அடுத்த ஆண்டிற் புதிதாக நிறுவப்பட்ட பரிசோதனை மருத்துவ நிறுவனத்தின் உடற்றொழிலியற் பகுதிக்குத் தலைவரானார். வறுமை நீங்கிற்று. சமிபாட்டைப் பற்றிய பெரும் ஆராய்ச்சிகள் அங்கேதான் நிகழ்ந்தன.

அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு உயிர்நிலை. சுமோவா சிமனோவ்ஸ்கயா என்னும் பெண்மணியோடு சேர்ந்து 1889 ஆம் ஆண்டளவில் அவர் செய்தது அது. நாயின் உணவுக் குழாயைக் கழுத்தில் அறுத்து, அறுவாயை வெளியே திறந்திருக்குமாறு தைத்துவிடுவர். புண் ஆறியபின் நாய்க்கு இறைச்சி கொடுத்தால் அது மென்று விழுங்கும். விழுங்கியது கழுத்து வழியே பாத்திரத்தில் விழும். ஒரு துணுக்கேனும் இரைப்பைக்குப் போகாது. நாயோ பசி ஆறாது மேலும் மேலும் உண்ணும். இரைப்பையில் வேறொரு குழாய் பொருத்தியிருப்பர். உண்ணத் தொடங்கி ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில், வெறுமையாகவே இருக்கும் அவ்விரைப்பையிலிருந்து தெளிந்த சாறு பெருகிவரும். மூளையிலிருந்து வரும் அலைநரம்புகளை அறுத்துவிட்டாற் சாறு சுரப்பதில்லை.

இதன் பொருளை நோக்குக. உணவு வயிற்றைத் தொட்டபின் வயிறு விழிக்கின்றது என்றே பலரும் எண்ணியிருந்தனர். பவ்லோவ் காட்டியது வேறு. உணவு வருவதற்கு முன்னமே மூளை வயிற்றுக்குச் செய்தி அனுப்பிவிடுகின்றது. பார்வையும் மணமும் சுவையும் வேட்கையும் சேர்ந்து அடுப்பை மூட்டிவிடுகின்றன. பானை பின்னரே வருகின்றது. உண்ணும் விருப்பமே சமிபாட்டுச் சாறுகளுள் முதலாவதைச் சுரப்பிப்பது என்று அவர் துணிந்தார்.

இவ்வாறு எடுத்த சாற்றை வடிகட்டிச் சமிபாட்டுக் குறைவுள்ள நோயாளருக்கு மருந்தாகவும் அந்நிறுவனம் விற்றது. ஆண்டொன்றுக்கு ஆயிரக்கணக்கான குப்பிகள் விலைபோயின. ஆய்வுகூடத்தின் செலவுக்கு அவ்வருவாய் உதவியது.

இவற்றையெல்லாம் படிக்கும்போது சைவ மரபில் வளர்ந்த என் மனம் துணுக்குறுகின்றது. வாய்பேசா உயிர்களை இவ்வாறு வருத்திப் பெற்ற அறிவு அறத்தோடு பொருந்துமா என்னும் வினா எளிதில் ஆறுவதன்று. பவ்லோவ் தம் நாய்களுக்கு மனிதருக்குச் செய்வதுபோன்றே தூய்மையோடு அறுவை செய்தார், அவை நலத்தோடு பல ஆண்டு வாழவேண்டும் என்று விரும்பினார், பெயரிட்டு அழைத்தார். இவை உண்மை. அவை படாத துன்பம் பட்டன என்பதும் உண்மை. 1935 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் நிறுவப்பட்டது. கடன் தீர்ந்துவிட்டது என்று அவரும் எண்ணியிருக்கமாட்டார்.

இலண்டனிலிருந்து வந்த செய்தி

சமிபாட்டுச் சுரப்பிகள் பற்றிய அவருடைய விரிவுரைகள் 1897 ஆம் ஆண்டில் நூலாயின. புகழ் பரவியது. அந்நிலையில் 1902 ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து ஒரு செய்தி வந்தது. பேலிசு, ஸ்டார்லிங்கு என்னும் இருவர், சிறுகுடலுக்குச் செல்லும் நரம்புகளை அறுத்தபின்னரும் சதையி சாறு சுரப்பதைக் கண்டனர். குடலில் ஊறும் ஒரு பொருள் இரத்தத்திற் கலந்து சென்று சதையியை ஏவுகின்றது என்று கூறி, அதற்குச் செக்கிரெற்றின் என்று பெயரிட்டனர். இத்தகைய பொருள்களுக்கு ஓமோன் என்னும் பொதுப்பெயரை 1905 ஆம் ஆண்டில் வழங்கியவரும் ஸ்டார்லிங்கே.

எல்லாம் நரம்பின் ஆட்சி என்று நிறுவிய பவ்லோவுக்கு இது பேரிடி. தம் மாணவரைக் கொண்டு அப்பரிசோதனையைத் தம் கண்முன்னே திரும்பச் செய்வித்தார். சாறு சுரந்தது. அவர் ஒன்றும் பேசாமல் தம் அறைக்குட் சென்றார். அரைமணி நேரங் கழித்து வெளியே வந்து, அவர்கள் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டு, உண்மையைக் காணும் உரிமை நமக்கு மாத்திரம் எழுதிக்கொடுக்கப்பட்டதன்று என்னுங் கருத்துப்படப் பேசினார். உடனிருந்த மாணவர் பாப்கின் இதனை எழுதி வைத்துள்ளார். கற்பித்தல் தொழிலில் உள்ள நாம் அனைவரும் அந்த அரைமணி நேரத்தைச் சிந்தித்தல் நன்று.

1904 ஆம் ஆண்டில் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. உருசியருள் அதனைப் பெற்ற முதல்வர் அவரே. சமிபாட்டு ஆய்வுக்கே பரிசு கொடுத்தனர். அவரோ அப்பொழுதே வேறு வழியில் நடக்கத் தொடங்கிவிட்டார்.

பழகிய பசி

நாய்களோடு நாளும் பழகுவோர் ஒரு விந்தையைக் கண்டிருந்தனர். இறைச்சி வாயிற் படுமுன், அதனைக் கொண்டுவரும் பணியாளரின் காலடி ஓசை கேட்டதுமே நாயின் வாயில் நீர் ஊறியது. நாவில் நீர் ஊறுதல் என்னும் வழக்கு நம்மிடமும் உண்டு. ஆயின் அதனை எண்ணிப்பார்த்தவர் இலர். பவ்லோவ் எண்ணினார். கன்னத்தில் ஒரு சிறு துளையிட்டு உமிழ்நீரை வெளியே வருவித்து, துளிகளைக் கணக்கிட்டார். நாய் என்ன நினைத்தது என்று கேட்பதை விடுத்து, எத்தனை துளி விழுந்தது என்று கேட்டார். மனத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது.

அவர் மணியையே அடித்துக்கொண்டிருந்தார் என்பது பிற்காலத்து வழக்கு. மெட்ரோனோம் என்னும் தாளக்கருவி, மின்விளக்கு, ஊதொலி, தோலைத் தொடுதல் முதலிய பலவற்றையும் அவர் பயன்படுத்தினார். ஓர் ஒலி கேட்டதும் உணவு, மறுமுறையும் ஒலி கேட்டதும் உணவு என்று பலமுறை நிகழ்ந்தால், பின்னர் ஒலி மாத்திரமே நீரைச் சுரப்பிக்கும். இதற்கு அவர் இட்ட உருசியப் பெயர் நிபந்தனைக்கு உட்பட்ட தெறிவினை என்னும் பொருளது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தோர் அதனைப் பழக்கப்படுத்தப்பட்டது என்னும் பொருள்பட ஆக்கிவிட்டனர். பெயரெச்சம் ஒன்று திரிந்ததனால் ஒரு நூற்றாண்டு முழுவதும் கருத்துச் சற்றே திரிந்தது. இன்ன நிலை இருந்தால் இது நிகழும். அந்நிலை மாறினால் இதுவும் மாறும் என்பதே பவ்லோவ் கருதியது. இந்த வேறுபாடு பின்னர் நமக்கு வேண்டியதாகும்.

மாறும் என்பதையும் அவர் காட்டினார். ஒலியை மட்டும் எழுப்பி உணவு கொடாமல் விட்டால் துளிகள் குறைந்து குறைந்து அற்றுப்போகும். அழிந்தது என்று எண்ணி நாயைச் சிலகாலம் ஓய்வாக விட்டு மறுபடி ஒலித்தால், நீர் மீண்டும் ஊறும். ஆகவே பழக்கம் அழியவில்லை. அதன்மேல் மற்றொரு பழக்கம் அமர்ந்து அதனை அடக்கியிருந்தது.

அச்சந்தரும் பரிசோதனைகளும் உண்டு. உணவு வருவதற்கு அடையாளமாக மெல்லிய மின்னடியைக் கொடுத்து, சிறிது சிறிதாக அதனை வலுவாக்கினர். நாய் வலியால் துள்ளவில்லை. வாலையாட்டி, நீரூற, உணவுப் பக்கம் திரும்பியது. வேறொரு நாய்க்கு வட்டத்தைக் காட்டினால் உணவு, நீள்வட்டத்தைக் காட்டினால் உணவில்லை என்று பழக்கினர். நீள்வட்டத்தை நாளடைவில் வட்டத்தை ஒக்குமாறு மாற்றிவர, வேறுபாடு காண இயலாத எல்லையில் அமைதியான அந்நாய் குரைத்து, துடித்து, கட்டுக்களைக் கடித்துக் குதறியது. முன்னர் அறிந்ததனையும் மறந்தது. உணவோடு தொடர்புற்ற குழப்பம் உயிரையே கலக்கும் என்பது இவற்றால் தெளிவாகும்.

1911 ஆம் ஆண்டளவில் அவர் உணவு மையம் என்பது பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்தினார். மூச்சை நடத்துவதற்கு மூளையில் ஓரிடம் இருப்பதுபோல, உணவைத் தேடுவிப்பதற்கும் ஓரிடம் இருத்தல் வேண்டும். உண்ணாதவன் இரத்தத்தின் தன்மை அதனைத் தூண்டும். சுவையும் பார்வையும் தூண்டும் என்று உய்த்துணர்ந்து கூறினார். அவ்விடத்தைக் கண்ணாற் காட்டுங் கருவி அக்காலத்தில் இல்லை.

ஆராய்ந்தவரையே தேடிவந்த பசி

1917 ஆம் ஆண்டுப் புரட்சியும் அதனைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் அந்நகரத்தைப் பட்டினியிலும் குளிரிலும் ஆழ்த்தின. பசியைப் பற்றி உலகிலேயே மிகுதியாக ஆராய்ந்த மனிதர் தாமே பசித்திருந்தார். மகன்மாருள் ஒருவர் நோயால் இறந்தார். நோபல் பரிசுப் பணமும் போயிற்று. எழுபது வயதுக் கிழவர் நிறுவனத்து நிலத்தில் மண்வெட்டி எடுத்துத் தோட்டஞ் செய்தார். 1920 ஆம் ஆண்டில் அங்குச் சென்ற ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்சு, அவருடைய படிப்பறையில் உருளைக்கிழங்கும் கரட்டும் குவிந்திருந்ததைக் கண்டு எழுதியுள்ளார். ரியாசானில் தந்தையிடம் கற்ற தொழில் அப்பொழுது கைகொடுத்தது.

நாய்களும் பட்டினியால் மெலிந்து இறந்தன. எஞ்சியவற்றின் தெறிவினைகளும் தளர்ந்தன. அடையாளத்தைக் கண்டதும் ஊறிய நீர் ஊறவில்லை. இனி வெளிநாடு செல்ல விடவேண்டும் என்று 1920 ஆம் ஆண்டில் அவர் அரசுக்கு எழுதினார். அவரை இழக்க விரும்பாத லெனின், 1921 சனவரி 24 ஆந் திகதி தனியாணை ஒன்று பிறப்பித்து, அவருடைய ஆய்வுக்கும் வாழ்க்கைக்கும் சிறப்பு ஏற்பாடுகள் செய்வித்தார். உடன் உழைப்போர் பட்டினி கிடக்கத் தமக்கு மட்டும் மிகுதியான பங்கு வேண்டா என்று பவ்லோவ் மறுத்தார். அரசு வழங்கிய உதவியைப் பெற்றுக்கொண்டு அவ்வரசையே வெளிப்படையாகக் கண்டிக்கவும் அவர் அஞ்சவில்லை. குருமாரின் பிள்ளைகளைக் கல்விக்கழகத்திலிருந்து நீக்கியபோது, தாமும் ஒரு குருவின் மகனே என்று கூறித் தம் பேராசிரியர் பதவியைத் துறந்தார்.

1924 செப்டெம்பர் 23 ஆந் திகதி நகரத்தில் நேவா ஆறு பெருக்கெடுத்தது. கூண்டுகளில் இருந்த நாய்கள் கழுத்தளவு நீரிலிருந்து நீந்தி மீண்டன. அவற்றுட் சில, பல மாதம் பயின்ற பழக்கங்களை அச்சத்தால் இழந்தன. பேரச்சம் மூளையிற் பதித்துச் செல்லும் வடுவை அவர் அதன்பின் நெடிது ஆராய்ந்தார். 1935 ஆம் ஆண்டில் உலக உடற்றொழிலியலறிஞர் மாநாடு அந்நாட்டிற் கூடியபோது தலைமை தாங்கினார். 1936 பெப்ரவரி 27 ஆந் திகதி, எண்பத்தாறாம் வயதில், நுரையீரற் காய்ச்சலால் இறந்தார்.

பின்வந்தோர் கண்டவை

இனி, இச்சரித்திரத்தை நான் எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் பருத்த உடம்பினன். ஒரு செய்யுளை இருமுறை கேட்டால் மனத்தில் இருத்திக்கொள்ளும் ஆற்றலுடையவன். உடன் பயில்வோர் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் இட்டிருந்தனர். பிறர் முன்னிலையில் அவன் மிகச் சிறிதே உண்பான். இரவிலோ, விடுதிச் சமையலறைக்குட் புகுந்து, கையில் அகப்பட்டதையெல்லாம் நிறுத்தமாட்டாமல் உண்டு, பின்பு தனியே இருந்து அழுவான். இது தெரியவந்தபோது அவனைத் தண்டிக்கவேண்டும் என்றனர் சிலர். அறிவுடைய மருத்துவர் ஒருவர், இது குற்றமன்று, நோய் என்று சொல்லிச் சிகிச்சைக்கு ஆவன செய்தார். அந்நோய் யாது என்று அறியப் புகுந்த என்னை நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பவ்லோவிடம் கொண்டு சேர்த்தன.

அவர் உய்த்துணர்ந்த உணவு மையத்தைப் பின்வந்தோர் தேடினர். மூளையின் அடியில், நம் பாடநூல்கள் பரிவகக்கீழ் என்று கூறும் சிறு பகுதி உண்டு. 1940 ஆம் ஆண்டில் ஹெதரிங்டன், ரான்சன் என்போர் அதன் நடுப்பகுதி சிதைந்த எலிகள் அளவின்றிப் பருப்பதைக் கண்டனர். 1951 ஆம் ஆண்டில் இந்தியராகிய ஆனந்தும் அமெரிக்கராகிய புரொபெக்கும் அதன் பக்கப்பகுதி சிதைந்த எலிகள் உண்ணாமலே கிடப்பதைக் கண்டனர். இன்று அறிந்த அளவில் ஒரே மையம் என்று ஒன்றில்லை. பல பகுதிகள் கூடி நடத்தும் சபை அது. ஆயினும் பசியின் வீடு மூளையில் உள்ளது என்பது நிலைபெற்றது.

அச்சபைக்கு வரும் தூதரும் பலர். உடலிற் சேர்ந்துள்ள கொழுப்பின் அளவை அறிவிக்கும் லெப்ரின் 1994 ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலும், வெறும் வயிற்றிலிருந்து பசியை அறிவிக்கும் கிரெலின் 1999 ஆம் ஆண்டில் யப்பானிலும் கண்டறியப்பட்டன. குடலிற் பிறந்து மூளைக்குப் போதும் என்று உரைக்கும் ஜீ.எல்.பி.-1 என்னும் ஓமோனை ஒத்த மருந்துகள் இக்காலத்தில் உடற்பருமனுக்குக் கொடுக்கப்படுகின்றன. அந்த ஓமோன், பவ்லோவை அறைக்குள் அரைமணி நேரம் இருத்திய செக்கிரெற்றினின் குடும்பத்தைச் சேர்ந்ததே. நரம்பா, இரத்தமா என்று அன்று எழுந்த வழக்கில் இருபக்கமும் வென்றுள்ளன.

பழகிய பசியைப் பற்றிய அவர் கருத்தோ இன்னும் வலுப்பெற்றுள்ளது. 1983 ஆம் ஆண்டில் வைங்கார்ட்டன் என்னும் ஆய்வாளர், பசித்த எலிகளுக்கு ஒலியும் ஒளியும் அடையாளமாகக் காட்டி உணவளித்து வந்தார். பின்னர் அவ்வெலிகள் வேண்டிய அளவு உண்டு நிறைந்திருந்த வேளையிலும், அவ்வடையாளம் தோன்றியதும் மறுபடி உண்ணத் தொடங்கின. வயிறு கேட்கவில்லை, அடையாளம் கேட்டது. வோல்பிராம் ஷூல்சு என்பவர் குரங்குகளின் மூளையில் டோப்பமீன் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்களை ஆராய்ந்தார். பழச்சாறு கிடைத்தபோது கிளர்ந்த அவை, பழகிய பின்னர்ச் சாற்றுக்கன்றி, அதனை அறிவிக்கும் விளக்குக்கே கிளர்ந்தன. 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள், பசித்த எலியின் மூளையிற் பசியை எழுப்பும் உயிரணுக்கள் உணவைக் கண்ட அளவில், வாய் வைக்குமுன்னரே தணிவதைக் காட்டின. காலடி ஓசைக்கு ஊறிய அந்நீரின் கதையே இது.

இப்பொழுது எண்ணிப்பாருங்கள். பவ்லோவின் நாய்க்கு ஒரு நாளிற் சில முறையே அடையாளம் காட்டப்பட்டது. இன்றைய சிறுவனுக்கு விளம்பரப் பலகையும் கைத்தொலைபேசியும் கடைத்தெரு மணமும் காலை முதல் இரவு வரை அடையாளங் காட்டுகின்றன. இனிப்பும் கொழுப்பும் உப்பும் செறிந்த பண்டங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. எல்லாருக்கும் ஒரே அடையாளம் தோன்றினாலும் எல்லார் மூளையும் ஒரே அளவிற் கிளர்வதில்லை. பிறப்புவழி வந்த இயல்புக்கும் அதிற் பங்குண்டு. தவித்து உண்பவனை நோக்கி, உனக்கு மனவுறுதி இல்லை என்று கூறுவோர் தம்முடைய மூளை அமைதியாயிருப்பதைத் தம் ஒழுக்கத்தின் பயன் என்று எண்ணிக்கொள்கின்றனர்.

உண்ணா நோய்க்கு இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1870 களிற் பெயரிட்டார். மிகுதியாக உண்டு பின் அதனைத் தாமே வெளியேற்றும் நோயை 1979 ஆம் ஆண்டில் ஜெரால்டு ரசல் விளக்கினார். அடக்கமாட்டாது உண்ணும் நோயை 2013 ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தனிநோயாக ஏற்றது. இவை மூன்றும் ஒன்றல்ல. ஒரே காரணத்தால் வருவனவும் அல்ல. முதலாவது நோய் உயிரைப் பறித்தலும் உண்டு. எல்லாவற்றையும் பவ்லோவ் விளக்கிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. வேட்கை என்பது மூளை கற்றுக்கொள்ளும் பாடம் என்று அவர் காட்டிய வழியாலேயே இவற்றை நோய் என்று காணும் கண் நமக்கு வாய்த்தது.

சிகிச்சையிலும் அவருடைய நாய்கள் கற்பித்தன பயன்படுகின்றன. கடும் பட்டினியை அடுத்து அடங்காத ஊண் வருதல் அடிக்கடி காணப்படுவதால், வேளை தவறாமல் அளவாக உண்ணப் பழக்குதல் முதற்படி. அடையாளம் தோன்றும்போது உண்ணாதிருக்கச் சிறிது சிறிதாகப் பயிற்றுதல் மற்றொரு வழி. அடங்கிய பழக்கம் ஓய்வுக்குப்பின் மீளும் என்று அறிந்த மருத்துவர், நோயாளி ஒருநாள் தவறினால் எல்லாம் பாழ் என்று கைவிடுவதில்லை. நிபந்தனைக்கு உட்பட்டது என்னும் சொல்லின் பயன் இங்கே விளங்கும். நிலை மாறினால் வேட்கையும் மாறக்கூடும். மாறுதற்குக் காலமும் துணையும் வேண்டும்.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் நான் சொல்லவேண்டியது ஒன்றே. ஒளித்து உண்ணும் பிள்ளையையோ, உணவைத் தள்ளி மெலியும் பிள்ளையையோ கண்டால், பட்டப்பெயரும் பிரம்பும் எடுக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். என் மாணவன் இரண்டு ஆண்டுச் சிகிச்சைக்குப்பின் நலம் பெற்றான். இடையிற் பலமுறை தவறினான், மறுபடி தொடங்கினான். இன்று அவன் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கின்றான்.